ஓய்வுகால வீட்டைப் புயல் தாக்கினால்...

அரச உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. கம்பனியில் வேலை செய்தவருக்கு ஊழியர் சேமலாப நிதி கிடைக்கிறது. நாற்பது வருடங்கள் புறக்கோட்டையில் கல்லாவில் உட்கார்ந்த வியாபாரிக்கு என்ன இருக்கிறது? கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பும்போது, அவருடைய பெயரில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஊரில் கட்டிய வீடு ஒன்றுதான். மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்து மருந்துச் செலவைப் பார்த்துக் கொள்வோரும் நம்மில் பலர்.

1978 நவம்பர் 23 ஆம் திகதி கிழக்கைப் புரட்டிப் போட்ட சூறாவளியைக் கண்ட முதியோர் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இன்னும் இருக்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியோ 600 இற்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. மலைநாட்டில் காற்றை விட வெள்ளமும் மண்சரிவுமே அதிகமான வீடுகளைக் கொண்டு சென்றன.

நம்மவர்கள் கடைச் சரக்குக்குக் காப்புறுதி செய்கிறார்கள். லொறிக்கும் செய்கிறார்கள். வீட்டுக்கோ, வங்கிக் கடன் இருக்கும்வரை வங்கியின் கட்டாயத்துக்காகச் செய்கிறார்கள். கடன் தீர்ந்த சந்தோஷத்தில் காப்புறுதியும் தீர்ந்து விடுகிறது! வட்டி கலந்தது என்று ஒதுங்கியவர்களுக்கும், 1999 இல் அமானா தகாபுல் இங்கு ஆரம்பிக்கப்பட்ட பின்னர் அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை.

பத்திரம் இருந்தால் மட்டும் போதாது. தீக் காப்புறுதியில் புயல், வெள்ளம், மண்சரிவு ஆகியன தாமாகவே அடங்குவதில்லை. மேலதிகமாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அடுத்தது, ஓய்வுகால வீட்டுக்கென்றே வைத்தது போன்ற ஒரு நிபந்தனை: வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால், முன்கூட்டியே நிறுவனத்தின் சம்மதம் பெறாதவரை பாதுகாப்பு நின்றுவிடும் எனப் பல பத்திரங்கள் கூறுகின்றன. கொழும்பில் இருந்துகொண்டு பெருநாளுக்கு மட்டும் ஊர் வீட்டைத் திறப்பவர்கள் இதை இன்றே வாசித்துப் பார்க்கட்டும்.

காப்புறுதித் தொகையும் முக்கியம். திரும்பக் கட்ட 200 இலட்சம் செல்லும் வீட்டை 100 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்திருந்தால், 20 இலட்சம் சேதத்துக்கு 10 இலட்சமே கிடைக்கும். பாதி காப்புறுதிக்குப் பாதி நட்டஈடு என்பது அவர்களின் கணக்கு. அதிலும் ஒரு பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டியிருக்கும். 2022 இல் சீமெந்தும் கம்பியும் விலையேறிய பின்னர் தொகையைத் திருத்தாதவர்கள் எல்லோரும் இந்த வலையில் இருக்கிறார்கள்.

சேதம் நேர்ந்துவிட்டால், மெயின் சுவிட்சை அணைக்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. சேதமடைந்த ஒவ்வொன்றையும் படம் பிடித்து, கிராம உத்தியோகத்தரிடம் பதிந்து, காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வரும்வரை உடைந்த சீட்டுகளையும் ஓடுகளையும் வீசிவிடாதீர்கள். அதற்காகக் கூரையைத் திறந்தபடி விடவும் கூடாது. தறப்பாள் போட்டு மூடிய செலவின் ரசீதையும் கோரிக்கையோடு இணைக்கலாம். நியாயமின்றி நிராகரித்தால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம்.

திருத்த வேலையில் கூரையே முதலாவது. ஓடாவி ஒருவரை ஏற்றி வளை, கைமரம் யாவற்றையும் பார்த்த பிறகே சீட் போட வேண்டும். ஊறிய சுவர் உலரும் முன் பெயின்ற் அடிப்பது காசைக் கரைக்கும் வேலை.

பெரிய சிக்கல் பணத்தில்தான் வருகிறது. 'வாப்பாவின் வீடு' என்று பிள்ளைகள் கடையின் சுழற்சி முதலை உருவிக் கூரை போடுகிறார்கள். மூன்று மாதத்தில் கடையில் சரக்கில்லை, காசோலைகள் திரும்புகின்றன. எமது அபிப்பிராயத்தில், கடை முதலில் கை வைப்பதை விட, கூரையையும் ஓர் அறையையும் குளியலறையையும் மட்டும் இப்போது முடித்து, மற்றதை அடுத்த வருடத்துக்கு விடுவது மேல். வயதான இருவருக்கு ஐந்து அறைகள் எதற்கு என்ற கேள்வியையும் இந்த நேரத்தில் கேட்கலாம்.

சரிவில் நிற்கும் வீடானால் ஒரு கல் வைக்கும் முன்னரே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறுங்கள். அந்த இடம் ஆகாது என்று அவர்கள் சொன்னால், எஞ்சிய கதவு, ஜன்னல், மரங்களைக் கழற்றி விற்று, அந்தப் பணத்தை வேறு காணிக்கு ஒதுக்குவதே கணக்கு.