விர்ச்சுவல் மெஷின் இயங்க மறுக்கிறதா? அவசரப்பட்டு அழிக்காதீர்கள்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பாவிடமிருந்து போன். பெயிண்ட் கடை வைத்திருப்பவர். "கணக்கு புரோகிராம் திறக்கவே மாட்டேங்குதுப்பா. சிவப்பா ஏதோ வருது. பக்கத்துக் கடைப் பையன் எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தரேங்கிறான். போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"எதையும் தொட வேண்டாம் சித்தப்பா, நான் வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கணக்கு புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே இயங்கும். அதனால் அவருடைய டெஸ்க்டாப்பில் விர்ச்சுவல் பாக்ஸ் மூலம் ஒரு எக்ஸ்பி விர்ச்சுவல் மெஷின் அமைத்துத் தந்திருந்தேன். யார் யார் எவ்வளவு பாக்கி என்ற பல ஆண்டுக் கணக்கு அதற்குள்தான் இருந்தது. வேறு காப்பி இல்லை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்? வரிசையாகப் பார்க்கலாம்.

விர்ச்சுவல் மெஷின் என்பது என்ன?

உங்கள் கம்ப்யூட்டருக்குள் சாப்ட்வேரால் உருவாக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர்தான் இது. விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில், ஒரு விண்டோவுக்குள் லினக்ஸையோ பழைய எக்ஸ்பியையோ இயக்கலாம். இதற்கு வீட்டில் பலரும் பயன்படுத்துவது விர்ச்சுவல் பாக்ஸ். 2008ல் சன் நிறுவனத்தின் கைக்கு வந்து, 2010ல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியபோது அதனிடம் சென்றது. இலவசமாகக் கிடைக்கிறது.

விர்ச்சுவல் மெஷினின் ஹார்ட் டிஸ்க் என்பது உங்கள் நிஜ ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஒரு பெரிய பைல்தான். அதன் துணைப்பெயர் பெரும்பாலும் வி.டி.ஐ. என்றிருக்கும். மெஷின் இயங்கவில்லை என்றால் அந்த பைல் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக டிக்கியில் உள்ள பொருள் காணாமல் போவதில்லையே!

எனவே முதல் விதி: லிஸ்ட்டில் உள்ள மெஷினில் ரைட் கிளிக் செய்து ரிமூவ் கொடுக்க வேண்டாம். அப்போது கேட்கப்படும் கேள்வியில் "டெலீட் ஆல் பைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், டேட்டா உள்ள வி.டி.ஐ. பைலும் சேர்ந்து அழிந்துவிடும். முதல் வேலையாக, விர்ச்சுவல் பாக்ஸ் புரோகிராமை மூடிவிட்டு, உங்கள் யூசர் போல்டரில் உள்ள "விர்ச்சுவல் பாக்ஸ் விஎம்ஸ்" என்ற போல்டரை அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடவும்.

1. செய்தியைப் படியுங்கள்

பிழைச் செய்தி வந்தவுடன் பலரும் ஓகே கிளிக் செய்து மூடிவிடுகிறோம். காரணம் அதில்தான் இருக்கிறது. "டீடெய்ல்ஸ்" என்ற இடத்தில் கிளிக் செய்து, முழுச் செய்தியையும் மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளவும்.

2. பயாஸில் வசதி நிறுத்தப்பட்டுள்ளதா?

"விடி-எக்ஸ் இஸ் டிஸேபிள்ட் இன் த பயாஸ்" என்பது அடிக்கடி வரும் செய்தி. விர்ச்சுவல் மெஷினை இயக்கத் தரும் வசதி பிராசசரிலேயே உள்ளது. இன்டெல் சிப்பில் இதன் பெயர் விடி-எக்ஸ், ஏ.எம்.டி. சிப்பில் ஏ.எம்.டி.-வி. 2019ல் வந்த விர்ச்சுவல் பாக்ஸ் 6.1 முதல் இந்த வசதி இல்லாமல் மெஷின் இயங்காது.

இதனைச் சோதிக்க கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மானேஜரைத் திறக்கவும். பெர்பார்மன்ஸ் பிரிவில் சிபியு கிளிக் செய்திடவும். கீழே "விர்ச்சுவலைசேஷன்" என்பதற்கு எதிரே "டிஸேபிள்ட்" என்று இருந்தால் பயாஸ் செல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எப்2 கீயைத் தட்டவும். சில நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் எப்1 அல்லது எப்10 ஆக இருக்கும். அங்கே "இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி" அல்லது "எஸ்.வி.எம். மோட்" என்பதைத் தேடி, எனேபிள் செய்து, சேவ் செய்து வெளியேறவும். பிறகு ஒருமுறை முழுமையாக ஷட் டவுன் செய்து மீண்டும் ஆன் செய்திடவும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், பயாஸில் நுழையும் முன் அதன் ரெகவரி கீயை எழுதி வைத்துக் கொள்வது நல்லது.

சித்தப்பா கம்ப்யூட்டரில் நடந்தது இதுதான். டாஸ்க் மானேஜரைத் திறக்கும்போதே மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. பல ஆண்டுகள் பின்னால் இருந்தது! மதர் போர்டில் உள்ள சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்து போயிருந்தது. அது தீர்ந்தால் கடிகாரம் மட்டுமல்ல, பல போர்டுகளில் பயாஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். நான் எனேபிள் செய்து வைத்திருந்த விர்ச்சுவலைசேஷன் அதனால் டிஸேபிள் ஆகிவிட்டது.

3. விண்டோஸ் இடத்தைப் பிடித்துள்ளதா?

டாஸ்க் மானேஜரில் "எனேபிள்ட்" என்று இருந்தும் மெஷின் இயங்கவில்லையா? விண்டோஸின் ஹைப்பர்-வி அந்த வசதியைத் தன் வசம் வைத்திருக்கலாம். மெஷின் இயங்கினாலும் மிக மெதுவாகச் சென்று, கீழே பச்சை நிற ஆமைப் படம் தெரிந்தால் அதுவும் இதன் அறிகுறியே.

விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, "ஆப்ஷனல்பீச்சர்ஸ்" என ஆங்கிலத்தில் இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டவும். ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்பார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்பார்ம் ஆகியவற்றில் உள்ள டிக் அடையாளங்களை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்திடவும். டபிள்யூ.எஸ்.எல். 2, டாக்கர் போன்றவற்றைப் பயன்படுத்துபவர்கள் இதைச் செய்ய வேண்டாம், அவை நின்றுவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியும் இதே தடையைத் தரலாம். ஆனால் அது பாதுகாப்புக்கானது என்பதால் கடைசி வழியாக மட்டும் நிறுத்திப் பார்க்கவும்.

4. இடமும் மெமரியும்

வி.டி.ஐ. பைல் பெரும்பாலும் பயன்படுத்தப் பயன்படுத்த வளரும் வகையைச் சேர்ந்தது. நிஜ டிரைவ் நிறைந்துவிட்டால் மெஷின் பாதியில் நிற்கும். எனவே சில ஜிபி இடமாவது காலியாக இருக்கட்டும். அதேபோல் 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் மெஷினுக்கு 6 ஜிபி கொடுக்கக் கூடாது. செட்டிங்ஸில் சிஸ்டம் பிரிவில் மெமரி அளவுகோலின் பச்சைப் பகுதிக்குள் வைத்துக் கொள்ளவும்.

5. "சேவ்டு" நிலையில் சிக்கியுள்ளதா?

மெஷின் பெயருக்குக் கீழே "சேவ்டு" என்று இருந்து, திறக்கும்போது பிழை வந்தால், ரைட் கிளிக் மெனுவில் "டிஸ்கார்ட்" தரலாம். இதனால் டிஸ்க் அழியாது. கரண்ட் போய் கம்ப்யூட்டர் நின்றது போலத்தான். கடைசியாக சேவ் செய்யாத வேலை மட்டும் போகும்.

இவை எதுவும் உதவவில்லையா? ரைட் கிளிக் மெனுவில் "ஷோ லாக்" கிளிக் செய்து கடைசி வரிகளைப் பார்க்கவும். வி.இ.ஆர்.ஆர். என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களில் தொடங்கும் சொல்தான் பிழையின் பெயர். விஷயம் தெரிந்தவரிடம் அதைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

மறக்கக் கூடாதவை

மெஷினை முழுமையாக ஷட் டவுன் செய்து, அதன் போல்டர் முழுவதையும் மாதம் ஒருமுறையாவது வெளி டிஸ்க்கில் காப்பி செய்திடவும். பென் டிரைவ் பேட் 32 பார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை ஏற்காது. எக்ஸ்பேட் அல்லது என்.டி.எப்.எஸ். பார்மட் தேவை. ஸ்னாப்ஷாட் என்பது பேக்கப் ஆகாது. அதுவும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. எனவே எக்ஸ்பி மெஷினில் நெட்வொர்க் இணைப்பை எடுத்துவிடுங்கள்.

புதிய பேட்டரி போட்டு, தேதியைச் சரி செய்து, பயாஸில் ஒரே ஒரு மாற்றம். எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரையில் வந்தது. கணக்கு புரோகிராமில் பாக்கிப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்த சித்தப்பா, "எல்லாரும் இருக்காங்கப்பா" என்றார். அன்று மாலையே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்துவிட்டார்.