ரூர்க்கியில் ஒரு மாலை

மகனைக் கல்லூரியில் சேர்க்க ரூர்க்கிக்கு வரும் நம்மவருட் பலர், விடுதியில் பெட்டியை இறக்கிவிட்டு அன்றிரவே ரயிலேறிவிடுகின்றனர். நாமும் முதன்முறை அவ்வாறே செய்தோம், பின்னர் வருந்தினோம்.

அங்கு முதலிற் காணவேண்டியது கால்வாய். கங்கை-யமுனை இடைநிலத்தை 1837-38-இல் வாட்டிய பஞ்சமே அதற்குத் தூண்டுகோல். காட்லி என்னும் பொறியாளர் கங்கை நீரை வயல்களுக்குக் கொணர முனைந்தார். அவ்வேலைக்குப் பயின்ற ஆட்கள் வேண்டியிருந்தமையால் 1847-இல் கல்லூரி பிறந்தது. 1854-இல் கால்வாய் திறக்கப்பெற்றது. கல்லூரி 1949-இல் பல்கலைக்கழகமாகி, 2001 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்குகிறது.

வெயில் தாழ்ந்தபின், நீரோட்டத்துக்கு எதிராகக் கரையோடு நடந்தால் சோலானி ஆறு குறுக்கிடும். என்ன விந்தை! ஆறு கீழே செல்ல, கால்வாய் அதற்கு மேலே பாலத்தின்மீது செல்கிறது. காட்லி கட்டிய பாலத்துக்கு வளைவுகள் 15. காவலுக்குச் சிங்கச் சிலைகள். வானம் தெளிந்த நாளில் தொலைவில் இமயமும் தோன்றும்.

தண்ணென்ற நீர் நம்மை அழைக்கும், இறங்கலாகாது. காவிரிப் படித்துறையிற் பழகிய கால்களும் அவ்விழுப்பில் நிலைகொள்ளா. தசராவுக்குப்பின் தீபாவளிவரை கால்வாயை அடைத்துத் துப்புரவு செய்வது வழக்கமாதலின், அந்நாட்களைத் தவிர்த்தல் நலம்.

மறுமுறை சென்றபோது மகனே நம்மை அங்கு அழைத்துச் சென்று, ஒவ்வொரு வளைவாக எண்ணிக் காட்டினான்.