மற்போர்க் காட்சியும் எதிராளியின் கழுத்தும்

மலையகத் தோட்டங்களில் ஆடப்பெறும் கூத்துக்களுள் அருச்சுனன் தபசும் ஒன்றென்பதைப் பசறை, லுணுகலைப் பக்கங்களிலிருந்து வந்து கல்லூரியிற் பயின்ற நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பன்றியொன்றின் பொருட்டு, வேடனாக வந்த சிவபெருமானும் விசயனும் வில்லை விட்டுக் கைகலந்து மற்போர் புரியும் கட்டத்துக்காகவே விடியும்வரை விழித்திருந்தோர் பலர். அக்கட்டத்தைப் பற்றியே ஈண்டுச் சில கூறத் துணிந்தோம்.

காரணம் உண்டு. அறுபதுகளில் தாரா சிங், கிங்காங் முதலிய மல்லர்களின் படங்களைப் பத்திரிகைகளிற் கண்டு மயங்கிய நாம், விடுதி முற்றத்தில் இக்காட்சியைப் பழகினோம். வேடனாக நின்றவர் விசயனைத் தூக்கிப் போட்டார். விசயன் கையை ஊன்றி விழுந்தார், காறையெலும்பு முறிந்தது. குற்றம் தூக்கியவருடையதா, விழுந்தவருடையதா என்று நெடுநாள் வழக்காடினோம். விழக் கற்காமலே தூக்கப் புகுந்த நம் அனைவருடையதும் என்பதே இன்று எமது எண்ணம்.

தொழில்முறை மல்லர்களின் காட்சிப் போரில் வெற்றி யாருக்கென்பது முன்னரே பேசி வைக்கப்படுவது. ஆயினும் வீழ்ச்சி மெய்யானதே. தூக்குபவன் ஒரு கையைத் தொடைகளினூடாகவும் மற்றதைத் தோளின்மேலாகவும் செலுத்தி முதுகைப் பற்றுகிறான். தூக்கப்படுபவன் தானும் எம்பி உதவுகிறான். அவ்வுதவியின்றித் தூக்க முயல்வது இருவர் இடுப்புக்கும் கேடு. இறக்குகையில் தலை முந்தாமல், முதுகின் மேற்பாகம் முழுவதும் ஒருங்கே தரையிற் படுமாறு கிடத்துவது தூக்கியவன் கடன். விழுபவன் மோவாயை மார்போடு சேர்த்துப் பின்னந்தலையைக் காத்து, மூச்சை வெளிவிட்டு, உள்ளங்கைகளாலும் முன்கைகளாலும் தரையை அறைகிறான். நாம் கேட்டு நடுங்கும் பேரோசையிற் பெரும்பங்கு அந்த அறையும் மேடைப் பலகையின் அதிர்வுமே. விசை அகன்ற பரப்பிற் பரவுவதால் ஓரெலும்பு அதனைத் தனியே தாங்க நேர்வதில்லை. கையை ஊன்றினாலோ முழுப் பாரமும் மணிக்கட்டின் வழியே தோளுக்கு ஏறும். நம் விசயனுக்கு நேர்ந்தது அதுவே.

பிடியின் நடுவே எதிராளியின் கையை மெல்ல அமுக்கி நலம் வினவுவதும் அவர்கள் வழக்கம். மறு அமுக்கம் வந்தால் ஆட்டம் தொடரும். வராவிடின் நிறுத்தியே ஆகவேண்டும்.

பழகியவர்க்கும் இது விளையாட்டன்று. 1959ஆம் ஆண்டு சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகத்தில் குண்டுமணி என்னும் பருத்த நடிகரைத் தூக்கிய எம்.ஜி.ஆருக்குக் கால் முறிந்தது. தூக்குபவன் கால் தளர்ந்தால் மேலிருப்பவனுக்குப் பற்றுக்கோடு ஏது?

தோட்டத்து லயத்து வாசல் மல்லர் மேடையன்று. கோடையில் அது கல். பழகுமிடத்தில் மானாப்புல்லை முழங்காலளவு பரப்பிச் சாக்குகளால் மூடுதல் வேண்டும். முதலில் உட்கார்ந்தவாறு பின்னே விழவும், பின்னர் குந்தியிருந்து விழவும், அதன்பின் நின்று விழவும் பழகுக. தூக்குதல் கடைசியில்தான். வியர்வையோடு கலந்த அரிதாரம் வழுக்கும் என்பதையும் மறத்தலாகாது. விசயன் தவக்கோலத்தினன் ஆதலால் முடியும் புயகீர்த்தியும் இல்லை, நல்லதாயிற்று. வேடன் தன் மணிவடங்களைக் கைகலக்குமுன் கழற்றிவிடட்டும்.

கொட்டுபவரிடமும் முன்னரே சொல்லி வைத்தல் நன்று. விசயன் எழத் தாமதித்தால் அவர் இன்னும் ஒரு சுற்றுக் கூடக் கொட்டுவார். அதற்குள் வேடன் குனிந்து அவன் கையை அமுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.