வராதவர்களை எண்ணிய மருத்துவமனை

ஊர் மக்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவமனைகள் ஆண்டறிக்கையை நீட்டும். இத்தனை முகாம், இத்தனை நோயாளிகள், இத்தனை அறுவை சிகிச்சைகள். எல்லாமே வந்தவர்களின் கணக்கு. வராதவர்களையும் எண்ணிப் பார்க்கத் துணிந்தது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை.

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. கிராமம் கிராமமாகக் கண் முகாம் போட்டார்கள். கண்புரை அறுவை இலவசம் என்றும் சொன்னார்கள். அப்படியும் புரை முற்றிய பலர் வரவில்லை. விசாரித்தால், பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசில்லை, துணைக்கு ஆளில்லை. 'இருக்கிற பார்வையும் போயிட்டா?' என்ற பயம் வேறு. பஸ்ஸும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தபோது சம்மதித்தவர்கள் கூடினார்கள்.

ஆனாலும் 1999இல் வெளியான ஓர் ஆய்வு தூக்கிவாரிப் போட்டது. முகாம் நடக்கும் கிராமங்களிலேயே, கண்ணில் கோளாறு உள்ளவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான். பள்ளிக்கூட வளாகத்தில் விடியற்காலையிலிருந்தே நீளும் வரிசையைப் பார்க்கிற எவருக்கும் ஊரே திரண்டு வந்துவிட்டதாகத்தான் தோன்றும். முகாம் வருவதோ ஒரே ஒரு நாள். அன்றைக்குக் களையெடுப்பு இருந்தால், பேரனுக்குக் காய்ச்சல் என்றால், அவ்வளவுதான்.

இன்னும் நூறு முகாம் போடுவோம் என்று கிளம்பாமல், தினமும் திறந்திருக்கும் இடம் வேண்டும் என்று முடிவெடுத்தார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2004 வாக்கில் சிற்றூர்களில் விஷன் சென்டர்கள் வரத் தொடங்கின. கடைத்தெருவில் சின்னதாக ஓர் இடம். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் நாடியை ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவியில் வைக்கச் சொல்லிப் பரிசோதிப்பார். பெரிய மருத்துவமனையிலிருக்கும் டாக்டர் திரையில் வந்து, 'எத்தனை நாளா மங்கலா இருக்கும்மா?' என்று நேரடியாகக் கேட்பார். கண்ணாடியும் அங்கேயே கிடைக்கும். அறுவை தேவைப்பட்டால்தான் பயணம். இன்று இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

கதவு திறந்திருந்தாலும், தொந்தரவே தெரியாதவர் எப்படி வருவார்? சர்க்கரை நோய் விழித்திரையைச் சத்தமில்லாமல் அரிக்கும்; பார்வை மங்கும்போது பாதி கெட்டுப்போயிருக்கும். 2021இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போகிறது. மாத்திரை கொடுக்கும் கையோடு, கடைசியாகக் கண்ணைக் காட்டியது எப்போது என்றும் கேட்டுக் குறிக்க வேண்டும். காட்டாதவர்களின் பெயர்கள் பக்கத்துக் கண் மருத்துவருக்கு மாதாமாதம் போக வேண்டும்.