கடல் கடந்த கொடையும் தோட்டக் காணியும்

பதுளை, பசறை, ஹாலிஎலைத் தோட்டங்களில் ஒரு படிப்பகமோ குடிநீர்த் தொட்டியோ அமைக்கக் கருதும் பழைய மாணவர் இலண்டனிலும் தொரன்றோவிலும் பலர் உளர். பணம் எங்கே கிடைக்கும் என்பதே அவர்கள் எம்மை முதலில் வினவுவது. யப்பானியத் தூதரகத்தின் அடிமட்டக் கருத்திட்ட நன்கொடை, அவுஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முயற்சி நிதி ஆகியன சிறு பணிகளுக்கென்றே ஏற்பட்டவை. தனியாளைவிடப் பதிவு பெற்ற உள்ளூர்ச் சங்கத்தையே அவை நாடும். தொண்டர்தம் விமானச் செலவை அவற்றிடம் எதிர்பார்த்தல் பெரும்பாலும் வீண்.

பணத்தினும் அரியது நிலம். தோட்டக் காணி பெரும்பாலும் அரசினது. 1992இன் பின் அதனை நிருவகிப்பன கம்பனிகள். ஆகவே தோட்ட நிருவாகத்தின் எழுத்துமூலச் சம்மதமின்றி ஒரு கல்லும் நாட்டல் இயலாது. வாய்ச்சொல்லை நம்பி விண்ணப்பித்து, கைக்கு வந்த கொடையைத் திருப்பியனுப்பிய சங்கமொன்றை யாம் அறிவோம். துரை மாறினார், சொல்லும் போயிற்று. பிரதேச சபைகள் தோட்டத்துள் தடையின்றிச் செலவிடச் சட்டம் இடந்தந்ததும் 2018இலேதான்.

காணி கிடைத்தாலும் மலை இடந்தர வேண்டுமன்றோ? 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் அபாயமானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. அதனாலேயே யாம் அந்நிறுவனத்தின் அறிக்கையை விண்ணப்பத்தின் முதற்றாளாக வைக்கின்றோம். செலவு மதிப்பீடு அதன்கீழ் வரும்.