ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருப்பது யார்?

சேலத்தில் பஸ் ஏறும்போது வியர்த்துக் கொட்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டில் இறங்கினால், ஜில்லென்று காற்று முகத்தில் அடிக்கும். ஏற்காடு, சேலத்தைவிடச் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,000 மீட்டர் மேலே ஏறினால், வெப்பநிலை பொதுவாக 6 டிகிரி அளவுக்குக் குறையும். அதனால்தான் சேர்வராயன் மலைக்குக் கிளம்பும்போது, "ஸ்வெட்டரை எடுத்துக்கோ!" என்கிறார் அம்மா.

கம்பளி ஸ்வெட்டரைப் போட்டதும் கதகதப்பாக இருக்கிறது. அப்படியானால் ஸ்வெட்டர் சூடு தருகிறதா? "ஆமாம்" என்று சொன்னால், பதில் தவறு!

ஸ்வெட்டரில் அடுப்பும் இல்லை, பேட்டரியும் இல்லை. சூடு உங்களுடையது! நம் உடலின் வெப்பம் சுமார் 37 டிகிரி. அது வெளியே ஓடப் பார்க்கும். கம்பளி இழைகள் சுருள் சுருளாக இருப்பதால், அவற்றுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாமல் நிற்கும் காற்று, வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆக, ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருக்கும் காவல்காரர் காற்றுதான்!

குளிரும் காலையில் ஏற்காட்டு மரக்கிளையில் அமர்ந்திருக்கும் குருவியைப் பாருங்கள். பந்துபோல உப்பியிருக்கும். அது குண்டாகிவிடவில்லை. இறகுகளைச் சிலிர்த்து, உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

இரண்டு ஆடுகள்

சேலம் மாவட்டத்தின் புகழ்பெற்ற செம்மறி ஆடு, மேச்சேரி ஆடு. செம்மறி என்றாலும் இதன் உடம்பில் கம்பளி கிடையாது, குட்டையான முடிதான். சுட்டெரிக்கும் சமவெளியில் கம்பளிச் சட்டை எதற்கு? நீலகிரி மலையின் செம்மறி ஆட்டுக்கோ மென்மையான கம்பளி உண்டு. ஊருக்கு ஏற்ற சட்டை!

கரடி தந்த யோசனை

வடதுருவப் பனியில் வாழும் பனிக்கரடியின் ரோமம் இன்னும் அதிசயம். ஒவ்வொரு ரோமத்தின் உள்ளேயும் காற்று அறைகள். வெளியே உறுதியான உறை. இதைப் பார்த்துச் சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் புதிய நூல் ஒன்றைச் செய்தார்கள். 'ஏரோஜெல்' என்பது நுண்ணிய காற்றுப் பைகள் நிறைந்த, மிக லேசான பொருள். ஆனால், எளிதில் நொறுங்கிவிடும். அதை நூலாக்கி, கரடி ரோமம்போலவே மெல்லிய உறை போட்டார்கள். அந்த நூலில் பின்னிய ஸ்வெட்டர், இறகு அடைத்த ஜாக்கெட்டின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான். கதகதப்போ கிட்டத்தட்ட அதே அளவு! 2023-ல் 'சயின்ஸ்' இதழில் இந்தச் செய்தி வெளியானது.

நீங்களும் செய்யலாம்

ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகளை இரண்டு டம்ளர்களில் போடுங்கள். ஒரு டம்ளரை மட்டும் கம்பளித் தொப்பியால் நன்றாக மூடுங்கள். எது முதலில் உருகும்? 'தொப்பிக்குள் இருப்பது' என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால், மூடாத கட்டிதான் முதலில் உருகும்! உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாத காற்று, வெளியே இருக்கும் சூட்டையும் உள்ளே விடாது. ஐஸ் பாளத்தின் மேல் மரத்தூளைக் கொட்டி, சாக்கால் மூடுவதும் இதற்காகத்தான்.

ஓர் எச்சரிக்கை! மலைக்குப் போகும்போது ஸ்வெட்டர் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிடும். தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காவல்காரர் போய், திருடன் வந்த கதைதான்!

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. நீலகிரி செம்மறி ஆடுகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. உதகமண்டலம் அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பாதுகாத்து வளர்க்கிறார்கள். பனிக்கரடியிடம் பாடம் படிக்கக் கரடி இருக்க வேண்டும். ஆட்டிடம் படிக்க ஆடு இருக்க வேண்டும். நம் வாத்தியார்களை நாம்தானே காப்பாற்ற வேண்டும், குட்டி நண்பர்களே!