கசக்கும் சுரைக்காய்

தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடப்பவர்கள் ஒருபொழுது இருப்பார்கள். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக ஓட்டுபவர்களும் உண்டு. அது முருகனுக்கு இருக்கிற விரதம்; குடலைக் கழுவுகிறேன் என்று அவர்கள் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

'டீடாக்ஸ்' வேறு சரக்கு. பஞ்சாமிர்த டப்பாவைக் காலி செய்துவிட்டு, மூன்று நாள் பச்சைச் சாறு குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கணக்கு. எந்த நச்சு, எவ்வளவு வெளியேறியது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. 2009-இல் பிரிட்டனில் இளம் விஞ்ஞானிகள் 15 டீடாக்ஸ் பொருள்களை எடுத்துக்கொண்டு, தயாரித்தவர்களிடமும் விற்றவர்களிடமும் விசாரித்தார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதற்கே ஆளுக்கொரு விளக்கம் வந்தது. சிறுநீரகமோ யாரும் சொல்லாமலே தினமும் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. எடை குறைகிறதே என்றால், முதல் சில நாளில் குறைவது பெரும்பாலும் தண்ணீர். சோறு திரும்பினால் அதுவும் திரும்பும்.

காசு போனால் போகட்டும், சிலருக்கு உயிருக்கே ஆபத்து. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை நிறுத்தினால் சர்க்கரை தடாலென இறங்கும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் சாறுமாகச் சேரும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.

இப்படிக் குடிக்கும் சாறுகளில், எல்லாவற்றையும்விடச் சுரைக்காய்தான் என்னைப் பயமுறுத்துகிறது. ஒட்டன்சத்திரம் சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கிற காய்; கூட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். 2010-இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாற்றோடு பாகற்காய்ச் சாற்றைக் கலந்து குடித்து இறந்துபோனார். உடன் குடித்த மனைவி பிழைத்தார். சில சுரைக்காயில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு மிகுந்துவிடும். வெளித்தோற்றத்தில் தெரியாது, நாக்குக்கு மட்டுமே தெரியும். பாகற்காய் சேர்ந்தால் அந்தக் கசப்பும் மறைந்துவிடும். போதாக்குறைக்கு, கசந்தால்தான் மருந்து என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அமைத்த நிபுணர் குழு சொன்னது எளிது: ஒரு துண்டு நறுக்கிச் சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் காயைக் குப்பையில் போட வேண்டும், வேறு சாறு எதையும் கலக்கக் கூடாது. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. குடித்த பிறகு வாந்தி, வயிற்றுவலி, பேதி, ரத்த வாந்தி என்று வந்தால் அழுக்கு வெளியேறுகிறது என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. முறிமருந்து கிடையாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன குடித்தோம் என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.